கட்டியக்காரன் இருக்கான், பயப்படாத

வணக்கம். புதுச்சேரி வானொலியில பேசக் கூப்பிட்டதுக்கு நன்றிங்க. முப்பது வருஷமா பசங்களுக்கு நாடகம் சொல்லித் தர்றேன், எழுதுறேன், மேடையேத்துறேன், மூணும் ஒண்ணாவேதான் நடக்குது.

ஆரம்பத்துல ஒரு ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதிக் குடுத்தேன். மூணாங்கிளாஸ் பாப்பா ஒண்ணு, ராணி வேஷம், அட்டை கிரீடம். நான் எழுதுன டயலாக் அவ மூச்சுக்கு மீறின நீளம். ரெண்டாவது வரியில நின்னுட்டா. சைடுல இருந்து டீச்சர் எடுத்துக் குடுக்குறாங்க, சத்தம் ஏற ஏற இவ இன்னும் நடுங்குறா, ஹால் மொத்தமும் சிரிக்குது, பாவாடை நனைஞ்சிடுச்சு. அந்த வரிய எழுதுனது நான்தான். அது இன்னிக்கும் என்னை வுடல.

கொஞ்ச நாள் கழிச்சு பாகூர் பக்கம் ஒரு கிராமத்துல விடிய விடிய தெருக்கூத்து. நடுராத்திரியில துரியோதனன் வேஷக்காரர் பாட்டை வுட்டுட்டு நிக்கிறாரு. கூத்துல கதைய எடுத்துச் சொல்லி கிண்டலும் பண்ற கட்டியக்காரன் குறுக்க பூந்து, என்ன மகாராஜா, தொண்டை காஞ்சிடுச்சான்னு கேட்டு சோடா வாங்கியாரச் சொல்றான், ஜனம் சிரிக்குது, அதுக்குள்ள அவருக்கு பாட்டு அடி ஞாபகம் வந்துடுச்சு. யாருக்கும் தெரியல. எனக்கு தூக்கமே போயிடுச்சு.

அன்னியில இருந்து என் நாடகம் எதுலயும் ரெண்டு கட்டியக்காரங்க உண்டு. வாயாடிப் புள்ளைங்கள போடமாட்டேன், அடுத்தவங்க பேசுறத காது குடுத்துக் கேக்குற புள்ளைங்களா பார்த்துப் போடுவேன். அவங்களுக்கு வசனம் தெரிய வேணாம், கதை தெரிஞ்சா போதும். மறந்த புள்ள கிரீடத்த தொடணும், அதான் சிக்னல். உடனே இவன் போய், ராஜா காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேப்பான். பழைய சோறும் நேத்து மீன்குழம்பும்னு ராஜா சொல்லுவாரு, வாய் தொறந்துடுச்சுல்ல, மீதி தானா வரும். சைடுல நின்னு எடுத்துக் குடுக்குற வேலைய நம்ம டீச்சருங்க தயவுசெஞ்சு வுட்டுடணும்.

கருவடிக்குப்பத்துல நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இருக்கு, 1922 நவம்பர் 13 நம்ம ஊர்லதான் காலமானாரு. பசங்கள ஒருதடவ கூட்டிட்டுப் போனேன். 1918ல மதுரையில சின்னப் பசங்கள வச்சு ஒரு நாடக சபா நடத்துனவரு, பக்கவாதம் வந்தப்பறமும் கம்பெனியோடவே இருந்தாரு. அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனியில மகரக்கட்டு உடைஞ்சா, அதான் வயசு ஏறி குரல் மாறிட்டா, பொம்பள வேஷம் கைய வுட்டுப் போயிடும்னு சொன்னேன். ஒரு பையன் முகம் வாடிப்போய், அப்ப அவனுக்கு யாரு டீச்சர் கட்டியக்காரன்னு கேட்டான். நான் ஒண்ணும் பேசல.

கடைசியா கடலூர் கடற்கரையில இருக்குற தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்பறம் சில மாசம் கழிச்சு அங்க போய் பசங்களோட உக்காந்தேன். ஒரு நீல சேலையைக் கடலா விரிச்சேன், ஓரத்த புடிக்க ஒருத்தரும் வரல. நாலஞ்சு நாள் சும்மா பல்லாங்குழியும் கல்லாங்காயும் ஆடுனோம், சேலை ஒரு மூலையில கெடந்துச்சு. அப்பறம் ஒரு பொண்ணு தானா வந்து எடுத்து, மெதுவா ஆட்டுனா.

நாடகம் மணல்ல நடக்குது, ஆத்தாக்காரிங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. கட்டியக்காரப் பையன் திடீர்னு ஸ்கிரிப்ட்ல இல்லாதத கேட்டுட்டான், ஏ கடலே, அன்னிக்கு ஏன் வந்த? அந்தப் பொண்ணு சேலைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, சுமத்ரா பக்கம் தரை குலுங்குச்சு, என்னைப் புடிச்சுத் தள்ளிடுச்சு, நானா வரலன்னுச்சு. ஒரு சத்தமில்ல அங்க.

அந்த வரிய அப்படியே எழுதி வச்சுக்கிட்டேன். அடுத்த வாரம் பக்கத்துக் குப்பத்துல போட்டோம். அவ அதைச் சொல்லல, கிரீடம் இல்லாத தலைய ஒருதடவ தொட்டா, சேலைய மடிச்சு கட்டியக்காரன் கையில குடுத்துட்டு அவங்க அம்மா பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டா. அவன் அதைத் தோள்ல போட்டுக்கிட்டு மீதிக் கதைய சொல்ல ஆரம்பிச்சான்.