கூடாரம் பிரித்த பிறகும் போகாதவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சர்க்கஸ் என்றதும் உயரத்தில் பார் ஆடுகிறவர்கள் நினைவுக்கு வருவார்கள், கோமாளி நினைவுக்கு வருவார். இன்று நான் பேச வந்திருப்பது கேலரிப் பலகையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தவர்களைப் பற்றி. அவர்களிலும் எல்லோரையும் பற்றியல்ல. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றவர்கள் சிலர் உண்டு. கூடாரம் பிரிப்பதைக் கடைசிவரை பார்ப்பார்கள். அடுத்த முகாம் எந்த ஊரில் என்று விசாரித்துக் குறித்துக்கொள்வார்கள். மண்ணில் மிதிபட்டுக் கிடக்கும் நோட்டீஸைத் தட்டி எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். சர்க்கஸின் வரலாறு இன்று ஓரளவாவது நம் கைக்கு எட்டுகிறது என்றால் அதற்கு இவர்கள்தான் முதல் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

சர்க்கஸ் கம்பெனி தன் வரலாற்றைத் தானே காப்பாற்றிக்கொள்வது கடினம். எந்நேரமும் பயணத்தில் இருக்கும் தொழில் அது. கூடாரத் துணி, மரம், கம்பி, விலங்கு, அடுப்பு, நூற்றுக்கணக்கான மனிதர்கள் என்று எல்லாவற்றையும் ரயிலிலோ லாரியிலோ ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்குப் பழைய காகிதம் வெறும் சுமை. முதலாளி மாறினால் கம்பெனியின் பெயரும் மாறும். புதுப் பெயர் வந்ததும் பழைய நோட்டீஸும் பழைய கணக்கும் குப்பைக்குப் போகும். இதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. நாளை மாலை ஆட்டம் நடந்தாக வேண்டும் என்பதே அவர்களுடைய கவலை. ஆகவே சேர்த்துவைக்கும் வேலை பார்வையாளர்களின் தலையில் விழுந்தது.

அமெரிக்காவில் சர்க்கஸ் ரசிகர் சங்கம் 1926-இல் தொடங்கப்பட்டது. ஊர்க் கிளைகளுக்குக் 'கூடாரம்' என்றே பெயர் வைத்து, ஒவ்வொரு கூடாரத்துக்கும் சர்க்கஸ்காரர் ஒருவரின் பெயரைச் சூட்டினார்கள். சங்கத்துக்கென்று ஒரு பத்திரிகையும் வந்தது. 1939-இல் வரலாற்றில் மட்டுமே நாட்டம் கொண்டவர்கள் சர்க்கஸ் வரலாற்றுச் சங்கம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். ரசிப்பது ஒரு வேலை, ஆராய்வது இன்னொரு வேலை என்று அவர்கள் பிரித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. ரிங்லிங் சகோதரர்கள் 1884-இல் தங்கள் சர்க்கஸைத் தொடங்கிய ஊர் விஸ்கான்சின் மாநிலத்துப் பாராபூ. அங்கே 1959-இல் ஒரு சர்க்கஸ் அருங்காட்சியகமே திறக்கப்பட்டது.

இந்த ரசிகர்கள் எதைச் சேர்த்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வண்ணச் சுவரொட்டியை யாரும் சேர்ப்பார்கள், அது அழகாக இருக்கிறது. இவர்கள் வழித்தடப் புத்தகங்களையும் விடவில்லை. அந்த நாளில் சில கம்பெனிகள் ஆண்டு முடிவில் ஒரு சிறு புத்தகம் அச்சிடும். எந்தத் தேதியில் எந்த ஊர், அன்று மழையா வெயிலா, கூட்டம் எப்படி, யாருக்கு அடிபட்டது, எந்தக் குதிரை செத்தது என்று நாள்வாரியாக அதில் இருக்கும். புத்தகம் கிடைக்காத ஆண்டுகளுக்கு அந்தந்த ஊர்ச் செய்தித்தாள்களைப் புரட்டி, விட்டுப்போன நாட்களை ஒவ்வொன்றாக நிரப்பினார்கள். சம்பளம் கிடையாது, பட்டம் கிடையாது. 'செவ்வாய்க்கிழமை, பலத்த மழை, மாலைக் காட்சி ரத்து' என்பது போன்ற ஒரு வரிக்காக ஒரு மனிதர் விடுமுறை நாள் முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்திருப்பார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்த உழைப்பின் அருமை எனக்குத் தெரியும்.

இங்கிலாந்துதான் நவீன சர்க்கஸ் பிறந்த இடம். குதிரைப்படையிலிருந்து விலகிய பிலிப் ஆஸ்ட்லி 1768-இல் லண்டனில் வட்டமான களத்தில் குதிரை வித்தை காட்டினார். ஓடும் குதிரையின் முதுகில் நிற்கிறவருக்கு வட்டத்தில் சுற்றும் வேகமே பிடிமானம் தருகிறது. அவர் கடைசியில் நிலைநிறுத்திய 42 அடி விட்டம் இன்றுவரை உலகெங்கும் சர்க்கஸ் களத்தின் அளவாக இருக்கிறது. அந்த நாட்டில் சர்க்கஸ் நண்பர்கள் சங்கம் 1934-இல் உருவாயிற்று. ஜான் டர்னர் என்ற ஆர்வலர் விக்டோரியா மகாராணி காலத்துச் சர்க்கஸ் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை அகராதி போலத் தொகுத்தார். என் கொள்ளுத்தாத்தா சர்க்கஸில் இருந்தாராம் என்று மட்டும் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அந்தத் தொகுப்பு எவ்வளவு பெரிய கொடை!

சர்க்கஸ் நண்பர்கள் சங்கத்தின் சேகரிப்பு இன்று ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. திருவிழாத் திடல்களில் ராட்டினமும் காட்சிகளும் நடத்தும் மக்களுக்காக 1994-இல் அங்கே ஏற்பட்ட காப்பகம் அது. பின்னாளில் சர்க்கஸும் அதன் பெயரில் சேர்ந்தது. அதை உருவாக்கிய வனெஸ்ஸா டூல்மின் அப்படி ஒரு திருவிழாத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். ராட்டினம் சுற்றும் வீட்டுப் பெண் பல்கலைக்கழகத்துக்குள் போய், எங்கள் காகிதங்களுக்கும் இங்கே இடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

நம் நாட்டுக்கு வருவோம். விஷ்ணுபந்த் சத்ரே 1880 மார்ச் 20 அன்று பம்பாயில் தமது இந்தியச் சர்க்கஸின் முதல் ஆட்டத்தை நடத்தினார். அந்தச் சர்க்கஸ் வழியாகத் தலைச்சேரிக்கு வித்தை வந்தது. அங்கே உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். அவரிடமும் அவருடைய சீடர்களிடமும் பயின்றவர்கள் இந்தியா முழுவதும் கூடாரம் அடித்தார்கள். 1951-இல் ஜெமினி சங்கரன் தொடங்கிய சர்க்கஸைத் தமிழ்நாட்டில் அறியாத ஊர் இல்லை. தலைச்சேரிக்காரர் கண்ணன் பம்பாயோ 1930-களில் கடல் கடந்து போய்த் துள்ளும் கயிற்றில் வித்தை காட்டினார். அவருடைய புகழுக்குச் சாட்சியான விளம்பரத் தாள்கள் அமெரிக்கச் சேகரிப்புகளில் கிடைக்கின்றன. மலபாரில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள அமெரிக்க ரசிகர்களிடம் போக வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் அவர்கள்மேல் எனக்கு நன்றி பெருகுகிறது. கூடவே வருத்தமும் வருகிறது.

நெல்லைச் சீமைக்குச் சர்க்கஸ் வராமலா இருந்தது? மணியாச்சி வழியாக 1876-இலேயே திருநெல்வேலிக்கு ரயில் வந்துவிட்டது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டிப் பொருட்காட்சி நடக்கும் ஊர் இது. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குக் கூடும் கூட்டத்தை நம்பி ராட்டினமும் மரணக் கிணறும் வந்து இறங்கும். என் வயதுக்காரர்களைக் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு சர்க்கஸ் நினைவு இருக்கிறது. ஆனால் எந்த ஆண்டில், எந்தக் கம்பெனி, எந்தத் திடலில், எத்தனை நாள் என்று வரிசையாக எழுதிய ஒரு பட்டியலை இங்கே நான் பார்த்ததே இல்லை.

அதை இன்னும் எழுத முடியும் என்று சொல்லத்தான் வந்தேன். அதற்கு முக்கியமான சாட்சி நோட்டீஸ். டவுனில் அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் எனக்குச் சொன்னார்: சர்க்கஸ்காரர்கள் சிங்கம், யானை, கோமாளி படங்களை அச்சிடும் பிளாக்குகளைக் கையோடு கொண்டுவருவார்கள், ஊர், தேதி, டிக்கெட் கட்டணத்தை மட்டும் இங்கே எழுத்துக் கோத்து மஞ்சள், ரோஸ் தாளில் அடித்துக் கொடுப்பது இவர் வேலை. சர்க்கஸ் உலகம் சுற்றியதாக இருந்தாலும் அந்தத் தாள் திருநெல்வேலியில் அச்சானது. ஆகவே அது நம் ஊரின் ஆவணமும்தான்.

இந்த நோட்டீஸ்களில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. வெள்ளிக்கிழமை முதல் தினசரி மூன்று காட்சிகள் என்றுதான் இருக்கும். அதனால் இது எதற்கும் ஆகாது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். 'பிப்ரவரி 12 வெள்ளிக்கிழமை முதல்' என்று ஒரு நோட்டீஸ் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் வந்த ஆண்டுகள் 1954, 1960, 1965, 1971 என்று போகும். இனி கட்டணத்தைப் பாருங்கள். அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்க வேண்டும். நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. அப்படியானால் அந்த நோட்டீஸ் அநேகமாக 1960-ஐச் சேர்ந்தது. ஆண்டே இல்லாத தாள் தன் ஆண்டைத் தானே சொல்லிவிட்டது!

இன்னும் உண்டு. அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் போட வேண்டும் என்று அந்த நாளில் நடைமுறையில் இருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று போட்டிருந்தால், மாவட்டம் பிரிந்த 1986-க்கும் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்த 1997-க்கும் இடைப்பட்டது. நோட்டீஸிலுள்ள விலங்குகளும் காலம் சொல்லும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்டக் கூடாது என்ற மத்திய அரசின் 1998-ஆம் ஆண்டு அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதி செய்தது. அதன் பிறகு வந்த நோட்டீஸ்களில் இவற்றை எதிர்பார்க்க முடியாது.

விலங்குகளைப் பற்றிச் சொன்னதால் என் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தடை சரியானது என்றே நான் நினைக்கிறேன். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதை நிறுத்தச் சொல்லி 2011-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையும் சரியானது. சர்க்கஸை நேசிக்கிறவர்கள் இந்தப் பக்கங்களை மறைக்கக் கூடாது. ரசிகர் சங்கங்களின் சேகரிப்பில் எனக்கு ஒரு குறை உண்டென்றால் அது இதுதான்: அன்பினால் சேர்த்தவர்கள் கண்ணுக்கு இனியதையே அதிகம் சேர்த்தார்கள். சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், வலையில்லாமல் விழுந்தவரின் மருத்துவச் சீட்டு, கூண்டின் அளவு, ஏழு வயதில் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பெண் பிள்ளையின் வாய்மொழி ஆகியவையும் வேண்டும். கைதட்டியவர்களுக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது.

கயிற்றில் நடந்த பெண்ணைத் தமிழ் மிகப் பழைய காலத்திலேயே பதிவு செய்திருக்கிறது. நற்றிணையின் 95-ஆம் பாட்டில் வாத்தியங்கள் முழங்க ஆடுமகள் நடந்த முறுக்குக் கயிறு வருகிறது. அவள் இறங்கிப் போய்விட்டாள். இப்போது அந்தக் கயிற்றில் ஒரு குரங்குக் குட்டி தொங்குகிறது; அதைக் கண்டு குறச் சிறுவர்கள் பாறைமேல் ஏறித் தாளம் கொட்டுகிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு கண் அந்தப் புலவர் கோட்டம்பலவனாருக்கு இருந்திருக்கிறது. ஆடுமகளின் பெயரை மட்டும் அவரும் சொல்லவில்லை.

காகிதம் சேர்ப்பதில் நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராக நூல்களோடு நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் விடாமல் சேர்த்தார். அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அதுவும் ஷெஃபீல்டு காப்பகம் ஏற்பட்ட அதே 1994-இல்தான்.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பழைய பாடப் புத்தகத்துக்குள், டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு சர்க்கஸ் நோட்டீஸோ டிக்கெட்டோ கூடாரத்தின் முன் நின்று எடுத்த படமோ இருக்கலாம். லேமினேட் செய்துவிடாதீர்கள், செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கித் தின்றுவிடும். மடிப்பை நீவித் தட்டையாக வையுங்கள், கரையானும் ஈரமும் அண்டாமல் பாருங்கள். மாவட்ட நூலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ காட்டி, ஒரு படியாவது எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் எண்பது வயது ஆச்சியோ தாத்தாவோ இருந்தால் கேட்டு எழுதுங்கள். எந்தத் திடல், யாரோடு போனார்கள், தரை டிக்கெட்டா நாற்காலியா, இரவுக் காட்சிக்குப் பிறகு எப்படி ஊர் திரும்பினார்கள் என்று கேளுங்கள். சர்க்கஸ்காரர்களுக்குப் பால் ஊற்றியவர், யானைக்குத் தழை கொண்டுபோனவர், கூடார மரம் நிறுத்தக் கயிறு இழுத்துக் கூலி வாங்கியவர் யாராவது உங்கள் தெருவில் இருப்பார். அவரை முதலில் கேளுங்கள். கேலரியில் இருந்தவர்கள் பார்க்காததை அவர் பார்த்திருப்பார். படமாக இருந்தால் அதன் பின்புறம் ஊரும் ஆண்டும் பெயர்களும் எழுதிவையுங்கள். பேனாவால் எழுத வேண்டாம், மை ஊறி மறுபுறம் தெரியும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்.

வணக்கம்.