ஆரஞ்சு ஊரின் பெருஞ்சுவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இப்போது நான் பேசுவது உங்கள் காதில் விழ ஒரு மைக் வேண்டும், ஒலிபரப்புக் கோபுரம் வேண்டும், உங்கள் வீட்டில் ஒரு ரேடியோ வேண்டும். இவை எதுவுமே இல்லாத காலத்தில், திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கும் ஏறக்குறைய 9,000 பேருக்கு ஒரு மனிதரின் குரலைக் கேட்கவைக்க என்ன செய்வது? ரோமானியர்கள் ஒரு சுவரை எழுப்பினார்கள். ஒரு நாடக அரங்கின் மேடைக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டாக நிற்கும் அந்தச் சுவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பிரான்சின் தென்கிழக்கில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், அவினியோன் நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது ஆரஞ்சு என்ற சிறு நகரம். பழத்துக்கும் ஊருக்கும் தொடக்கத்தில் சம்பந்தமே இல்லை. அராவுசியோ என்பது கெல்ட் மக்கள் வணங்கிய ஒரு நீர்த்தெய்வத்தின் பெயர். அதுவே ஊர்ப்பெயராகி, காலப்போக்கில் தேய்ந்து திரிந்தது. பழத்தின் பெயர் கிளம்பியது நம் பக்கத்திலிருந்து. நாரத்தையோடு உறவுள்ள ஒரு திராவிடச் சொல் வடமொழியில் நாரங்கம் ஆகி, பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு பெயர்களும் அங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன. இந்த ஊர் பிறகு ஒரு சிற்றரசாகி நாசாவு வம்சத்தின் கைக்குப் போனது. அந்த வம்சம்தான் இன்றைய நெதர்லாந்து அரச குடும்பம். அந்நாட்டுக் கால்பந்து வீரர்கள் ஆரஞ்சு நிறச் சட்டை போடுவது இந்த ஊர்ப்பெயரால்தான்!

சரி, அரங்குக்கு வருவோம். கி.மு. 35-இல் ரோமப் படையின் இரண்டாம் லீஜியன் என்ற படைப்பிரிவில் பணி முடித்த வீரர்களுக்கு இங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில், பேரரசர் அகஸ்டஸ் காலத்தை ஒட்டி, இந்த அரங்கு எழுந்தது. ஊர் நடுவே ஒரு குன்று உண்டு. அதன் சரிவையே அரைவட்டப் படிக்கட்டுகளாக அமைத்துப் பார்வையாளர்களை உட்காரவைத்தார்கள். எதிரே மேடை. மேடைக்குப் பின்னால் அந்தச் சுவர். நீளம் 103 மீட்டர், உயரம் 37 மீட்டர். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே தெருவிலிருந்து பார்த்தால் பெரிய அலங்காரம் எதுவும் இல்லை. உச்சியில் மட்டும் இரண்டு வரிசையாகக் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றில்தான் மரக்கம்பங்களைச் செருகி, வெயிலுக்குத் துணிப்பந்தல் இழுத்துக் கட்டினார்கள். உட்புறம் ஒரு காலத்தில் பளிங்குத் தூண்களும் சிலைகளுமாக ஒரு அரண்மனை முகப்பைப் போல இருந்தது. நடுவே அரச வாசல், இருபுறமும் விருந்தினர் வாசல்கள். இன்று அந்தப் பளிங்கில் மிச்சம் கொஞ்சம்தான். அரச வாசலுக்கு மேலே மாடத்தில், அகஸ்டஸ் என்று சொல்லப்படும் மூன்றரை மீட்டர் சிலை, கிடைத்த துண்டுகளைச் சேர்த்து நிறுத்தப்பட்டிருக்கிறது.

குரல் எப்படிப் போய்ச் சேர்ந்தது? குளத்தில் கல்லெறிந்தால் அலை வட்டம் வட்டமாகப் பரவும். குரலும் அப்படித்தான், ஆனால் அது மேல்நோக்கியும் ஏறும் என்று விளக்கினார் விட்ருவியஸ் என்ற ரோமக் கட்டடக்கலைஞர். அப்படி ஏறி வரும் குரலை வாங்கிக்கொள்ளத்தான் படிகளும் சரிவாக ஏறுகின்றன. பின்பக்கம் போகும் ஒலியைச் சுவர் முன்னால் திருப்பி அனுப்பியது. மேடைக்கு மேல் சாய்வாக இருந்த மரக்கூரையும் கைகொடுத்தது.

பார்க்க வந்தவர்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நினைத்த இடத்தில் உட்கார முடியாது. கீழ்ப்படி ஒன்றில் சில எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். குதிரைவீரர் என்ற உயர்வகுப்பினருக்கு மூன்று வரிசை ஒதுக்கியது என்பது அதன் பொருள். ஏழைகளும் பெண்களும் அடிமைகளும் உச்சிப்படிகளில்தான். அங்கேயும் கேட்கும்படி கட்டினார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில், கிறித்தவம் அரசு மதமான காலத்தில், ஆட்டம் நின்றுபோனது. பிறகு கொள்ளை, தீ. மரக்கூரை எரிந்தது. ஆனால் சுவர் நின்றது. ஏன் நின்றது? கற்கள் உறுதியானவை என்பது பாதி பதில். மீதிப் பதில், ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்தச் சுவரால் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. இடைக்காலத்தில் அது காவல் அரண். 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் சண்டை மூண்டபோது மக்கள் அதற்குள்ளே அடைக்கலம் புகுந்தார்கள். உள்ளே வீடுகள் முளைத்தன, சந்துகள் உண்டாயின. நடிகர்கள் நடந்த இடத்தில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் பிறந்து வளர்ந்தன. 1622-இல் நாசாவு இளவரசர் மாரிஸ் குன்றின்மேல் கோட்டை கட்ட, ஊரின் மற்ற ரோமக் கட்டடங்களின் கல்லைப் பெயர்த்தபோதும் இந்தச் சுவர் தப்பியது. கோட்டைக்கு அது முன்னரணாகப் பயன்பட்டது. அந்தக் கோட்டையைப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தரைமட்டமாக்கினார். “என் ராஜ்யத்திலேயே அழகான சுவர்” என்று அவர் இதைச் சொன்னதாகப் பேச்சு. பிரெஞ்சுப் புரட்சியின்போது இது சிறைச்சாலை.

சிரியாவின் போஸ்ராவிலும் இதே கதைதான். அங்குள்ள ரோமக் கருங்கல் அரங்கைச் சுற்றி இஸ்லாமிய மன்னர்கள் கோட்டை கட்டியதால் அது முழுசாக நமக்குக் கிடைத்தது.

1825 வாக்கில் ஓகுஸ்த் கரிஸ்தி என்ற கட்டடக்கலைஞர் ஆரஞ்சில் சீரமைப்பைத் தொடங்கினார். உள்ளே இருந்த வீடுகளையெல்லாம் ஒவ்வொன்றாக இடித்து அகற்றினார்கள். இன்று நாம் உட்காரும் படிகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியவை. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் இரண்டாகப் பிரிகிறது. வீடுகளை அகற்றாமல் அரங்கு மீண்டிருக்காது, உண்மை. ஆனால் நூற்றாண்டுக்கணக்கில் அந்தச் சுவரைத் தேவையாக வைத்திருந்தவர்கள் அந்த வீட்டுக்காரர்கள். அவர்கள் வாழ்ந்ததும் இந்த இடத்தின் வரலாறுதானே? ஒரே ஒரு வீட்டையாவது ஒரு மூலையில் விட்டு வைத்திருக்கலாம்.

1869-இல் மெயூல் இயற்றிய ‘ஜோசப்’ என்ற ஓபரா, அதாவது இசைநாடகம், அங்கே அரங்கேறியது. ஏறக்குறைய 1,500 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மேடை மறுபடி மேடையானது. அன்று தொடங்கிய விழா, கோரெஜி என்ற பெயரில் இன்றும் கோடைதோறும் நடக்கிறது. 1903-இல் பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார் அங்கே ‘ஃபேத்ர்’ நாடகத்தில் நடித்தார். 1971 முதல் விழா ஓபராவுக்கென்றே ஆனது. 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2006-இல் மேடைக்கு மேல் கண்ணாடியும் எஃகுமாக ஒரு புதுக் கூரை வந்தது. பழைய கல்லுக்கு மேல் இரும்பா என்று முதலில் எனக்கும் உறுத்தியது. ஆனால் கூரை இல்லாத அத்தனை நூற்றாண்டும் மழை நேராகச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், அது வந்ததே நல்லது.

அங்கே பாடுகிறவர்கள் இன்றும் சுவரை நம்பித்தான் பாடுகிறார்கள். ஆனால் சுவரால் தடுக்க முடியாத ஒன்று அந்த ஊரில் உண்டு, வடக்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து வரும் மிஸ்ட்ரல் காற்று. 1974 கோடையில் ஸ்பானியப் பாடகி மொன்செராட் கபாயே ‘நோர்மா’ ஓபராவில் பாடிய இரவில் அது பலமாக வீசியது. அந்த இரவின் படப்பதிவு இருக்கிறது, தேடிப் பாருங்கள். அவர் உடுத்திய நீள அங்கி பாய்மரத்துணி போல விம்மிப் பறக்கிறது. அவர் அசையாமல் நின்று, மிக மெல்லிய ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துகிறார். அத்தனை காற்றிலும் அது கேட்கிறது.

நன்றி, வணக்கம்.