61 நாளும் 60 நாளும்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். ரேடியோவுக்கு வந்து பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, என்ன பேசுறதுன்னு யோசிச்சு கடைசில எனக்கு வேலை போன கதையையே பேசலாம்னு வந்துட்டேன்.

துபாய்ல 9 வருஷம் ஒரு கம்பெனில ஸ்டோர் கீப்பர். ஒருநாள் சாயங்காலம் எச்ஆர் கூப்பிட்டு ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சுன்னு பேப்பரை நீட்டுனாங்க, நான் கையெழுத்துப் போட்டு நிமிர்றதுக்குள்ள என் சாவிக்கொத்தை இன்னொருத்தன் இடுப்புல மாட்டிக்கிட்டு நிக்கிறான். கிராஜுவிட்டி, அதான் வேலையை விட்டு வரும்போது குடுக்குற பணம், உண்டு, இல்லேங்கல. முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அதுக்கு மேல 30 நாள். ஆனா அது பேசிக்குக்கு, அதாவது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான். எனக்கு மொத்தம் 2400 திர்ஹாம், அதுல பேசிக் 900, மிச்சமெல்லாம் அலவன்ஸ்னு போட்டு வச்சிருந்தாங்க! சேரும்போது எவன் அதைப் படிச்சான்.

அங்க வேலையும் விசாவும் ஒரே கயித்துல கட்டுனது. வேலை போனா கம்பெனி ரூம் போகும், அப்புறம் ஊரும் போகும். 2023-ல இருந்து வேலை போனா இன்சூரன்ஸ் வருது, பேசிக்ல 60 சதவீதம், 3 மாசம் வரைக்கும், ஆனா ஊருக்கு ஃப்ளைட் ஏறிட்டா அது கிடையாது.

அமெரிக்காவுலயும் வெளிநாட்டுக்காரனுக்கு இதே கதைதான். எச்-1பின்னு வேலைக்குக் குடுக்குற விசால இருக்கவனுக்கு வேலை போனா 60 நாள் டைம், அதுக்குள்ள வேற கம்பெனி பிடிக்கணும், இல்லேன்னா கிளம்பணும். நம்ம மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15-ல படகைக் கட்டுனா ஜூன் 14 முடிஞ்சதும் கடலுக்குப் போயிரலாம்னு பாம்பன்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும், அவனுக்கு 60 நாள் கழிச்சு என்னன்னு யாருக்குத் தெரியும் சொல்லுங்க.

ஜெர்மனில வேற மாதிரி. தொழிலாளிங்க தேர்ந்தெடுத்த கமிட்டி இருக்குற கம்பெனின்னா அவங்களைக் கேக்காம ஆளை நிறுத்துனா அந்த நோட்டீஸே செல்லாது. ஆள் குறைக்கும்போது வயசு, சர்வீஸ், குடும்பத்துல எத்தனை பேர்னு எல்லாம் பாக்கணும். ஆர்டர் குறைஞ்சா ஆளைத் தூக்காம வேலை நேரத்தைக் குறைச்சு, விட்டுப்போன சம்பளத்துல 60 சதவீதத்தை, புள்ளக்குட்டி இருந்தா 67, அரசாங்கம் குடுக்கும். கிட்டத்தட்ட நம்ம தடைக்கால நிவாரணம் மாதிரின்னு வச்சுக்கங்களேன், என்ன, அங்க வலை காயுறப்பவும் சம்பளச் சீட்டு வரும்.

நம்ம நாட்டுலயும் சட்டம் இல்லாம இல்ல, ஆளை நிறுத்துனா வேலை பாத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு குடுக்கணும். ஆனா சென்னைல ஐடி வேலை பாத்த எங்க மச்சான் மகனை ரூம்ல உக்கார வச்சு ராஜினாமா எழுத வச்சுட்டாங்க. நீயா எழுதிக் குடுத்தா அந்த 15 நாள் கணக்கே வராது. அவன் அதை எழுதிட்டு வந்து என்கிட்ட சொல்றான்.

இந்த மாசம் சபருக்கு, அதான் வெளிநாட்டு வேலைக்கு, கிளம்புற தம்பிங்க காண்ட்ராக்ட்ல பேசிக்குக்கு நேரா என்ன நம்பர் போட்டுருக்குன்னு பாத்துட்டு பெட்டியைக் கட்டுங்க.