வாலிபர் முகாமுக்கு ஐயாவும் அம்மாவும் வரட்டும்

தலைவர் அவர்களே, போதகர் ஐயா, சபையின் பெரியோரே, பின்வரிசையில் இருக்கிற தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

வாலிபர் மத்தியில் இனி என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம். ஊழியத்தில் நரைத்த ஒரு தம்பதியை ஒரு கிழமைக்கு அழையுங்கள். கிழமையின் முதற்பாதி அவர்கள் சபையில் வேலை செய்யட்டும், மற்றப் பாதி பிள்ளைகளோடு முகாமில் இருக்கட்டும். இரண்டையும் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

எங்கள் சபைக்கு அப்படி ஒரு தம்பதி வந்தார்கள். மலையகத்தில் பல வருடம் ஊழியம் செய்தவர்கள். ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்மா மருத்துவமாதுவாக இருந்தவர். திங்கட்கிழமை காலை வந்ததும் அவர்கள் கேட்டது, கோயிலுக்கு நடந்து வர ஏலாதவர்களின் பெயர்ப் பட்டியல். பிரசங்கம் எப்போது என்று கேட்கவேயில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு இளம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் அம்மா முதலில் காலைத்தான் பார்ப்பார், வீக்கம் இருக்கிறதா என்று. அப்புறம் குளிசைப் பெட்டி. அதன் பிறகுதான் சங்கீதமும் ஜெபமும்.

ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் தனிய இருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். கூடப் போன பொடியனைப் பார்த்து, "நீ ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார். அவன் தன் பாட்டனாரின் பெயரைச் சொன்னதும், அந்த மனிதரோடு ஒன்றாகப் படித்த கதை ஒரு மணித்தியாலம் ஓடியது. இன்றைக்கும் அவன் அந்த வீட்டுக்குப் போய்வருகிறான். யாரும் அவனை அனுப்பவில்லை.

வியாழன் பின்னேரம் எல்லோரும் பஸ்ஸில் பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகர் போனோம். ஒரு பாடசாலையில் தங்கினோம், வகுப்பறைகளில் பாய் விரித்துப் படுத்தோம். கசூரினாக் கடல் கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லாமல் கிடப்பதால் பிள்ளைகள் குளிக்க நல்ல இடம். என்றாலும் கடைசிப் பிள்ளை கரையேறும் வரை ஐயா முழங்கால் தண்ணீரில் நின்றார்.

முகாமில் வேத பாடம் நடந்தது, பாட்டு நடந்தது, உதைபந்தாட்டமும் நடந்தது. அவை எல்லா முகாமிலும் நடப்பவைதான். நான் சொல்ல விரும்புவது ஒடியற்கூழ் காய்ச்சிய இரவைப் பற்றி. அம்மாவுக்குக் கூழ் காய்ச்சத் தெரியாது. எங்கள் பெண்பிள்ளைகள்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பை எடுப்பது, பலாக்கொட்டையும் மரவள்ளியும் பயற்றங்காயும் முதலில் அவிவது, நண்டும் மீனும் எப்போது போடுவது, கடைசியில் புளியும் செத்தல் மிளகாயும் கரைப்பது. கூழ் கொதிக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் அடுப்படியில் கதைக்கப்பட்டவை எந்த மேடையிலும் வராது. வீட்டில் நடக்கும் சண்டை, படிப்பு விட்டுப்போன வெட்கம், பேசி முடிக்கப்பட்ட ஒரு கலியாணத்தின் பயம். கடற்கரையில் பொடியள் ஐயாவோடு கதைத்தது விசாவைப் பற்றியும், கூட்டாளி ஒருவனைப் பிடித்துக்கொண்ட போதைப்பொருளைப் பற்றியும். அந்தத் தம்பதி ஒன்றையும் எங்களிடம் கொண்டுவந்து சொல்லவில்லை. உதவி தேவைப்பட்ட பிள்ளையை மட்டும், அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு, போதகரிடம் கூட்டிப் போனார்கள்.

இன்னுமொன்று. இரவில் கடற்கரைக்குப் போக விடலாமா என்பதில் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் கருத்து வேறுபட்டது. பிள்ளைகளுக்கு முன்னாலேயே, குரல் உயர்த்தாமல், ஒருவர் சொல்லி முடிக்கும் வரை மற்றவர் பொறுத்திருந்து கதைத்தார்கள். கடைசியில் அம்மா சொன்னபடி நடந்தது. தகப்பனை வாட்ஸ்அப் திரையில் மட்டும் பார்த்து வளருகிற பிள்ளைகள் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள். புருஷனும் பெண்சாதியும் முரண்பட்டு, பிறகு ஒத்துப்போவதை அவர்கள் எங்கே பார்ப்பது?

அதுதான் என் மனதைக் குடைகிற விஷயம். 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி முழுவதும் வீடுவாசலை விட்டு எழும்பி நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் கப்பலேறியவர்கள், விமானமேறியவர்கள் எத்தனை பேர்! இன்று எங்கள் குடும்பங்கள் நடுப்படி உடைந்த ஏணி போல இருக்கின்றன. மேலே முதியவர்கள் தனிய, கீழே இளையவர்கள் தனிய. சபையால் அந்த இரண்டு பேரையும் ஒரே பாயில் இருத்த முடியும்.

வேதத்தில் ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் எடுத்துப் பாருங்கள். கிலவுதியு இராயனின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேறிய தம்பதி. எங்களுக்கு அந்தக் கதை விளங்கும். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். அப்பொல்லோ என்ற கெட்டிக்காரப் பேச்சாளன் அரைகுறையாகப் போதித்தபோது, அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இருவருமாகச் செய்த வேலை அது.

எங்கள் மண்ணிலும் இது புதிதல்ல. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. 1820இல் வந்த லீவை ஸ்போல்டிங் ஐயாவும் மேரி அம்மாவும் திரும்பிப் போய்விடவில்லை. உடுவிலில் பெண்பிள்ளைகளோடும் தமிழோடும் கிடந்து நரைத்தார்கள். 1873இல் அவர் காலமானது உடுவிலில்தான். 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையைப் பற்றிப் பேசும்போது நாங்கள் கட்டடத்தைச் சொல்கிறோம், வருடத்தைச் சொல்கிறோம். அங்கேயே கூட இருந்து முதிர்ந்தவர்களை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

பிற்காலப் பரிசுத்தவான்கள் என்ற சபையாரில் ஓய்வுபெற்ற தம்பதிகள் சொந்தச் செலவில் 6 மாதம் முதல் 23 மாதம் வரை ஊழியத்துக்குப் போகிறார்கள். அவர்கள் போதனையோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் பென்ஷன் எடுத்த கையோடு வேலை முடிந்தது என்று உட்காராத அந்த ஒழுங்கு நல்லது. எங்களால் 23 மாதம் முடியாவிட்டால், சரி, ஒரு கிழமை முடியும்தானே?

தம்பதி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மகளை இரவு தங்க விட எங்கள் பெற்றோர் தயங்குவார்கள். அது நியாயமான தயக்கம். வயதான அம்மா ஒருவர் பெண்பிள்ளைகளோடு அதே அறையில் படுக்கிறார் என்றால் சம்மதக் கடிதம் கிடைக்கிறது. முதல் நான்கு நாளும் வீடு வீடாகப் போய் அந்தப் பெற்றோரைச் சந்தித்துவிட்டவர் என்றால் இன்னும் சுலபம். கிழமையைப் பிரிக்க வேண்டாம் என்றது இதனால்தான்.

வருகிறவர்களை நாங்களும் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கட்டில் வேண்டும், பாய் போதாது. இருக்கை வைத்த மலசலகூடம் வேண்டும். நீரிழிவு, பிரஷர் குளிசைகளை விசாரித்து எழுதி வையுங்கள். மத்தியானம் கட்டாயம் ஓய்வு. பஸ் காசைப் பொதியுறையில் போட்டுக் கையில் கொடுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

வரும் ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்கள் சபையிலேயே ஒரு தம்பதி முன்வர வேண்டும். வெளியூரில் தேடவேண்டியதில்லை, இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். கூட்டம் முடிய வாலிபர் ஐக்கியச் செயலாளர் வாசலில் கொப்பியோடு நிற்பார். இருவருமாக வந்து பெயரைக் கொடுங்கள்.