பழங்காசுக்கு என்ன விலை தகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

பழங்காசு சேகரிக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளங்கையில் ஒரு காசை வைத்து நீட்டி, "இது எவ்வளவு பெறும்?" என்பார்கள். அடுத்த மூச்சில், "ஆயிரத்து எழுநூறு ஆண்டுப் பழையது" என்றும் சேர்த்துக்கொள்வார்கள். விலையைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்த இரண்டாவது வாக்கியத்தை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும்.

கி.பி. நான்காம் நூற்றாண்டில், கான்ஸ்டன்டைன் பேரரசரும் அவருடைய பிள்ளைகளும் ஆண்ட காலத்தில், ரோமப் பேரரசின் பல நகரங்களில் இருந்த நாணயச் சாலைகள் சிறு வெண்கலக் காசுகளை அடித்துக் குவித்தன. 2016ஆம் ஆண்டு ஸ்பெயினில் செவில் நகருக்கு அருகிலுள்ள தோமாரெஸ் என்ற ஊரில் பள்ளம் தோண்டியபோது, 19 சாடிகளில் ஏறக்குறைய 600 கிலோ காசுகள் கிடைத்தன. எல்லாம் மூன்றாம் நூற்றாண்டின் இறுதியையும் நான்காம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. ஒரே குழியில் இவ்வளவு என்றால், மண்ணுக்குள் இன்னும் எவ்வளவு இருக்கும்! பழமையைக் காட்டி ஒருவர் அத்தகைய காசுக்குப் பெரிய விலை சொன்னால், நீங்கள் தாராளமாக எழுந்து நடக்கலாம்.

"அப்படியானால் அரிதாக இருந்தால் விலை கூடுமா?" என்று கேட்பீர்கள். அதுவும் பாதி உண்மைதான். ரோமப் பேரரசர் ஓதோவை எடுத்துக்கொள்வோம். கி.பி. 69இல் ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, மூன்றே மாதங்கள் ஆண்டவர். தெனாரியஸ் எனப்படும் அவருடைய வெள்ளிக் காசு எப்போதும் நல்ல விலைக்குப் போகிறது. ஆட்சி குறுகியது என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. ஜூலியஸ் சீசர் முதல் டொமீஷியன் வரை ரோமை ஆண்ட பன்னிரண்டு பேரின் வரலாற்றைச் சுவெட்டோனியஸ் என்ற பண்டைய ரோம எழுத்தாளர் எழுதிவைத்தார். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு காசு சேர்ப்பது பல தலைமுறைகளாகச் சேகரிப்பாளர்களின் கனவு. வரிசையை முடிக்க ஓதோ வேண்டும். ஆகவே ஒரு காசுக்கு ஐம்பது பேர் நிற்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான திபேரியஸின் தெனாரியஸ் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அது அரிய காசே அன்று. ஆனால் "இதிலுள்ள உருவம் யாருடையது?" என்று இயேசு கேட்டதாக நற்செய்தி சொல்லும் வரிக்காசு இதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். அந்தக் கதைக்காகவே, நாணயம் சேகரிக்காதவர்கள்கூட அதை வாங்க வருகிறார்கள். மறுபக்கம், ஏதோ ஒரு சிறிய கிரேக்க நகரம் வெளியிட்ட வெண்கலக் காசு உலகிலேயே ஐந்தாறுதான் தெரிய வந்திருக்கும். ஏலத்தில் கை தூக்க இரண்டு பேர்கூட இருக்க மாட்டார்கள். எனக்கு அத்தகைய காசுகள்மீது தனிப் பிரியம் உண்டு. விலைச்சீட்டில் "மிக அரிது" என்று எழுதியிருந்தால் நான் கேட்பது, எத்தனை பேர் இதைத் தேடுகிறார்கள் என்பதைத்தான்.

இப்போது ஒரே வகைக் காசுக்குள் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம். ஏதென்ஸ் நகரத்தின் ஆந்தைக் காசு பலருக்கும் தெரியும். ஒருபுறம் அத்தீனா தேவி, மறுபுறம் ஆந்தை, ஏறத்தாழ 17 கிராம் வெள்ளி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பெருமளவில் அடிக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளிலும் ஏராளமாகச் சந்தைக்கு வந்திருக்கிறது. ஆனாலும் ஓர் ஆந்தையின் விலை இன்னோர் ஆந்தையின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கக்கூடும். அச்சிலிருந்த உருவம் பெரிது, வெள்ளித் துண்டு சிறிது. சம்மட்டி சற்று விலகி விழுந்தால் தேவியின் தலைக்கவசத்துச் சிகரம் வெளியே போய்விடும், இல்லாவிட்டால் மூக்கு நுனி வெட்டுப்படும். சிகரமும் மூக்கும் சேர்ந்து முழுதாக விழுந்த காசுகள் குறைவு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்து வணிகர் போட்ட உளிவெட்டு ஆந்தையின் மேலேயே விழுந்திருந்தால் விலை சரிந்துவிடும். தேய்மானம் மட்டுமே தரம் என்று எண்ணிவிடாதீர்கள். அச்சு எங்கே விழுந்தது, எவ்வளவு ஆழமாக விழுந்தது, மேற்பரப்பு அரிக்கப்பட்டிருக்கிறதா, அச்சு வெட்டியவன் கைத்திறன் எப்படி, எல்லாமே கணக்கில் வரும்.

இதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் முகம் பொறித்த பெரிய பித்தளைக் காசு ஒன்றை வாங்கினேன். தலைமுடியின் ஒவ்வோர் இழையும் தெரிந்தது. அந்த அழகுக்காகவே வழக்கமான விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்தேன். வீட்டில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. முடி இழைகளின் பள்ளங்கள் புதிதாகக் கீறியவை. எழுத்துகளைச் சுற்றியிருந்த தளம் சுரண்டித் தாழ்த்தப்பட்டிருந்தது. தேய்ந்துபோன காசை யாரோ சிற்றுளியால் "புதுப்பித்து" விட்டார்கள். அன்றிலிருந்து, முகம் தேய்ந்திருக்க முடி மட்டும் கூர்மையாக இருக்கும் காசை நான் தொடுவதில்லை. வெளிர்பச்சைப் பொடி உதிரும் வெண்கலத்தையும் தள்ளிவிடுங்கள். அது பழங்களிம்பு அன்று, காசைத் தின்னும் நோய்.

சரியான விலையை அறிய எனக்குத் தெரிந்த வழி, அந்தக் காசின் உடன்பிறப்புகளைத் தேடுவது. அதே வகை, ஏறக்குறைய அதே தரம், அண்மையில் உண்மையாகவே விற்ற காசுகள். ஏல நிறுவனங்கள் முடிவுகளை வெளியிடுகின்றன. பத்துப் பதினைந்து விற்பனையைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிடுங்கள். இரண்டு பிடிவாதக்காரர்கள் மோதிக்கொண்ட விலை சந்தை விலை ஆகாது. விற்பவர் கேட்கும் தொகையையும் விற்றுமுடிந்த தொகையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏலத்தில் சுத்தியல் தட்டிய தொகைக்கு மேல், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணம் இருக்கிறது; பல இடங்களில் அது ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. வரியும் தபாலும் தனி.

எல்லாவற்றுக்கும் முன்னால் காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் அந்தக் கொலையைக் கொண்டாடி கி.மு. 42இல் வெளியிட்ட காசில் இரண்டு குத்துவாள்களும் ஒரு விடுதலைத் தொப்பியும் இருக்கும். அதன் தங்க வடிவம் ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் கட்டணமும் சேர்த்து ஏறத்தாழ 42 லட்சம் டாலர் விலைபோனது. அதன் உடைமை வரலாறு பொய் என்று பின்னர் தெரியவந்தது. 2023இல் அந்தக் காசு கிரேக்க நாட்டிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு இடம்பெற்ற காசுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க நான் தயங்குவதே இல்லை.

ஏலத்துக்கு முந்தைய இரவு என் உச்ச வரம்பை ஒரு தாளில் எழுதிவைப்பேன். கட்டணம், வரி எல்லாம் சேர்த்த தொகை. அந்தத் தாள் என்னை இரண்டு முறை ஓதோவிடமிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது. பன்னிரண்டு குழிகள் கொண்ட என் மரத்தட்டில் பதினொன்று நிறைந்துவிட்டன; ஓதோவுக்கான எட்டாவது குழி காலி. அடுத்த மாதம் இன்னொரு ஓதோ ஏலத்துக்கு வருகிறது. மூக்கு சற்றுத் தேய்ந்திருக்கிறது, ஆனால் ஓதோ அணிந்த அந்தப் பேர்போன பொய்முடியின் சுருள்கள் அச்சில் அடித்தபடியே நிற்கின்றன. இதுவரை பதினான்கு உடன்பிறப்புகளைப் பார்த்துவிட்டேன். தாளில் எண்ணை எழுதியாகிவிட்டது.

வணக்கம்.