பழைய வால்வு டிவி: படத்தில் விழும் பட்டையும் கோடும்

நேயர்களுக்கு வணக்கம். 1960களில் வாங்கிய கறுப்பு வெள்ளை வால்வு (வெற்றிடக் குழாய்) டிவியை இன்னும் வைத்திருப்பவர்களுக்காக இன்று பேசுகிறேன்.

சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரித் தொடக்கத்தில் நின்றுவிட்டது. இப்போது அந்தப் பெட்டியில் படம் வர செட்-டாப் பாக்ஸும், அதன் படத்தையும் ஒலியையும் பழைய டிவி பிடிக்கும் அனலாக் சிக்னலாக மாற்றும் மாடுலேட்டரும் வேண்டும். படத்தில் பட்டையோ கோடோ விழுந்தால் உடனே பின்மூடியைக் கழற்றாதீர்கள். ஏரியல் வயரை டிவியிலிருந்து உருவிவிட்டுத் திரையைப் பாருங்கள். வெறும் புள்ளி மழைக்கு நடுவிலும் பட்டை நின்றால் கோளாறு பெட்டிக்குள். பட்டை மறைந்தால் பெரும்பாலும் வெளியே. அப்படியானால் பக்கத்தில் இருக்கும் கைப்பேசி சார்ஜர், எல்இடி விளக்கு, மாடுலேட்டரின் அடாப்டர் என ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான அடாப்டர்தான் முதல் சந்தேகத்துக்குரியது.

மாடுலேட்டர் வாங்கும்போது கவனம் தேவை. பழைய பெட்டிகள் பலவற்றில் விஎச்எஃப் என்ற தாழ்ந்த அலைவரிசை மட்டுமே உண்டு. அதைவிட உயர்ந்த யுஎச்எஃப் மட்டும் தரும் மாடுலேட்டர் அவற்றுக்கு உதவாது. பால் பி/ஜி (PAL B/G) என்ற ஒளிபரப்பு முறையில், படத்துக்கும் ஒலிக்கும் 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி என்று அமையுங்கள். 6 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் ஒலி சரியாக வராது. பேச்சு உரக்க வரும்போதெல்லாம் படத்தில் கிடைக்கோடுகள் துடித்தால், செட்-டாப் பாக்ஸின் ஒலியளவைக் குறையுங்கள். நுண்புள்ளிகள் மட்டும் ஊர்ந்தால் அது பெரும்பாலும் 4.43 மெகாஹெர்ட்ஸ் வண்ண சிக்னலின் தடம். பழுது இல்லை.

இனி உள்ளே. திரையில் அகலமான கரும்பட்டை ஒன்று மெல்ல மேலோ கீழோ நகர்ந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் படத்தில் கலக்கிறது. பட்டை இரண்டானால் 100 ஹெர்ட்ஸ், அதாவது முழு அலைத் திருத்தி (மாறுமின்சாரத்தின் இரு பாதி அலைகளையும் நேர்மின்சாரமாக்கும் பகுதி) உள்ள பெட்டி. படத்தின் ஓரங்களும் பாம்பாக நெளிந்தால் மின்வழங்கியில் மின்சாரத்தைச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வற்றியிருக்கும். பெட்டியை அணைத்து, மின்னேற்றத்தை இறக்கி, அதே மைக்ரோஃபேரட் அளவுக்கு 450 வோல்ட் புதியதை மாற்றுங்கள். ஓரம் நேராக இருந்து பட்டை மட்டும் தெரிந்தால், ஏதோ ஒரு வால்வில் ஹீட்டருக்கும் (சூடேற்றும் இழை) கேத்தோடுக்கும் (எலக்ட்ரான் உமிழும் முனை) இடையே கசிவு. அதே எண்ணுள்ள நல்ல வால்வைப் போட்டுப் பார்ப்பதே இதற்குச் சரியான சோதனை.

திரையின் இடது பக்கம் செங்குத்தாக, கிழிசல் போன்ற கறுப்புக் கோடு, அதுவும் சிக்னல் பலவீனமாக இருக்கும்போது மட்டும் தெரிகிறதா? பிஎல்36, பிஎல்500 போன்ற கிடைவெளியீட்டு வால்வுக்குள் (படத்தைக் கிடையாக வரையும் மின்சுற்றின் வால்வு) எழும் பார்க்ஹவுசன் அலைவு என்ற வேண்டாத அதிர்வு அது. ஃபிளைபேக் (உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) கூண்டுக்கு அருகே ஓடும் ஏரியல் வயரை முதலில் விலக்கி வையுங்கள். அப்போதும் போகாவிட்டால் வால்வை மாற்றுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கே உரிய தொல்லை ஒன்று: சீறும் ஓசையோடு வெண்புள்ளிகள் சிதறும். விளக்கை அணைத்துப் பார்த்தால் படக்குழாயின் ஆனோடு தொப்பியை (உயர் மின்னழுத்த வயர் சேரும் ரப்பர் மூடி) சுற்றி நீல ஒளி தெரியும். அங்கே 15 கிலோவோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கலாம். பெட்டியை அணைத்த பின்னும் தங்கும். மின்னேற்றத்தை இறக்கும் கம்பியின் ஒரு முனையை முதலில் குழாயின் வெளிப்பூச்சைத் தொடும் பின்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையைக் காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டில் மாட்டி, அதன் வழியாக இறக்குங்கள். சற்று நேரத்தில் மின்னேற்றம் திரும்ப ஏறும். இன்னொரு தடவை இறக்கிய பிறகே ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நன்றாகக் காயட்டும்.

இந்தப் பெட்டிகள் பலவற்றில் சேஸியே (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) 230 வோல்ட் மின்கம்பியோடு இணைந்திருக்கும். ஆகவே பழுதுபார்க்கும்போது பெட்டியை மின்கம்பியிலிருந்து நேரடித் தொடர்பின்றிப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஏரியல் சாக்கெட்டில் உள்ள காப்புக் கெப்பாசிட்டர்களையும், படம் நன்றாக வந்தாலும், அதே அளவுள்ள ஒய்1 என்ற பாதுகாப்பு ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். அவை கசிந்தால் மின்சாரம் வயர் வழியே செட்-டாப் பாக்ஸுக்கு வந்துவிடும்.