குளிர்ந்த வெயிலும் வெயில்தான்

நேயர்களுக்கு வணக்கம்.

உதகையில் வெயில் சுடுவதில்லை என்பதால் அது தீங்கு செய்யாது என்று பலர் எண்ணுகிறார்கள். தோல் மருத்துவராகிய என்னைக் கவலைகொள்ள வைப்பது இந்த எண்ணம்தான். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால், வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து தோலைப் பழுதாக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகும். உதகையோ 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மெல்லிய மேகமும் அக்கதிரைப் பெருமளவு தடுப்பதில்லை.

சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் அரிய மரபணு நோயுடன் பிறந்த குழந்தைக்கு இது உயிர் பற்றிய செய்தி. புற ஊதாக் கதிர் நம் எல்லோருடைய தோலிலும் டி.என்.ஏ.வைப் பழுதாக்குகிறது, பழுதான பகுதியை வெட்டியெடுத்துச் செப்பனிடும் புரதங்கள் உடலில் இருப்பதால் நாம் தப்பிக்கிறோம். இந்நோயில் அந்தச் செப்பனிடும் வேலை சரிவர நடப்பதில்லை என்பதை ஆய்வாளர் ஜேம்ஸ் கிளீவர் 1968இல் எடுத்துக்காட்டினார்.

இரண்டு வயதுக்குள் முகத்திலும் கையிலும் கரும்புள்ளிகள் தோன்றும். வெளிச்சத்தில் கண் கூசிச் சிவக்கும். நோயுற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வெயில் பட்டாலும் தோல் வெந்துபோவதில்லை என்பதால், வெறும் புள்ளிதானே என்று பெற்றோர் விட்டுவிட நேர்கிறது. பத்து வயதுக்கு முன்பே தோல் புற்றுநோய் வரக்கூடிய நோய் இது என்பதால் அந்தத் தாமதம் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முழுக்கை உடை, அகன்ற விளிம்புத் தொப்பி, பக்கங்களையும் மறைக்கும் புற ஊதாத் தடுப்புக் கண்ணாடி, இரண்டு மணிக்கொருமுறை சன்ஸ்கிரீன் ஆகியவை பனிமூட்ட நாளிலும் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி கதிரின் ஒரு பகுதியை உள்ளே விடுவதால், அதன்மேல் தடுப்புப் படலம் ஒட்ட வேண்டும். கண் உலராதிருக்கச் சொட்டு மருந்தும், வெயில் படாததால் குறையும் வைட்டமின் டி-க்கு மாத்திரையும் மருத்துவர் தருவார். சில மாதங்களுக்கு ஒருமுறை, உச்சந்தலை, இமை, நாக்கு நுனி உட்பட, உடல் முழுவதையும் பரிசோதிப்பது இன்றியமையாதது. புதிய புள்ளியைத் தொடக்கத்திலேயே உறையவைத்தோ அறுவை செய்தோ நீக்கிவிட முடியும்.

தாய், தந்தை இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இதைத் தாயின் குற்றமாகப் பேசுவோரை நான் வன்மையாக மறுக்கிறேன்.

நம் மலைப் பள்ளிகளின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அத்தகைய குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால், காலை வழிபாட்டுக்கு மைதானத்தில் நிற்கச் சொல்லாதீர்கள். ஜன்னலைவிட்டுத் தள்ளி இடம் கொடுங்கள். வகுப்பிலும் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றச் சொல்லாதீர்கள்.

வணக்கம்.